அம்புக்குறியா, கருவேற்றமா, வரைபா: ஆவர்த்தனப் போக்குகளை எங்கிருந்து தொடங்குவது?

இலங்கையில் பல்கலைக்கழக நுழைவுக்கான க.பொ.த உயர்தரத்தில் இரசாயனவியலைப் படிப்பவர், உயிரியற் பிரிவினராயினும் கணிதப் பிரிவினராயினும், முதலில் சந்திப்பது அணுக் கட்டமைப்பு என்ற அலகையே. அணு மாதிரிகள், சொட்டெண்கள், இலத்திரன் நிலையமைப்பு என்று நகர்ந்து, மூலகங்களின் இயல்புகள் ஆவர்த்தன அட்டவணையில் எவ்வாறு மாறிச் செல்கின்றன என்ற இடத்துக்கு அந்த அலகு வந்து சேர்கிறது. அணு ஆரை, அயனாக்கற் சக்தி (அணுவிலிருந்து ஓர் இலத்திரனை அகற்றத் தேவையான சக்தி), இலத்திரன் நாட்டம் (அணு ஓர் இலத்திரனை ஏற்கும்போதான சக்தி மாற்றம்), மின்னெதிர்த்தன்மை (பிணைப்பு இலத்திரன்களைத் தன்பால் ஈர்க்கும் திறன்) ஆகிய நான்கும் அங்கேதான் அறிமுகமாகின்றன. பின்னர் வரும் பிணைப்பும், சக்தியியலும், எஸ், பி, டி தொகுப்பு மூலகங்களும் இந்த நான்கின் மீதே எழுப்பப்படுவதால், இப்பகுதிக்குள் எந்த வாசலால் நுழைவது என்பது ஆசிரியர் ஒவ்வோர் ஆண்டும் நின்று யோசித்து முடிவெடுக்க வேண்டிய விடயமாகும்.

திருகோணமலையில், உப்புவெளியில் நடக்கும் ஒரு மாலை வகுப்பில் இப்பகுதியைப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி என்று பல திசைகளிலிருந்தும் மாணவர் வருகின்றனர்; தூரத்திலிருந்து வருபவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால் நேரம் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். இந்த நிலையில் எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் வெவ்வேறு ஆண்டுகளில் நடந்து பார்த்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய சக ஆசிரியருக்கும், ஆசிரியர் துணையின்றித் தாமாகப் படிக்கும் மாணவருக்கும் பயன்படும் என்று கருதி, அவற்றை ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, எல்லோரும் அறிந்த அம்புக்குறி வழி. கரும்பலகையில் அட்டவணையின் வெற்றுச் சட்டகத்தை வரைந்து, இடமிருந்து வலமாக ஓர் அம்பும் மேலிருந்து கீழாக ஓர் அம்பும் இட்டு, ஆவர்த்தனத்தின் (கிடை வரிசையின்) வழியே அயனாக்கற் சக்தி கூடும், கூட்டத்தின் (நிலைக்குத்து நிரலின்) வழியே குறையும், ஆரை அதற்கு எதிராக மாறும் என்று சொல்லி, பின்னர் இரண்டாம் கூட்டத்திலிருந்து பதின்மூன்றாம் கூட்டத்துக்கும் பதினைந்திலிருந்து பதினாறுக்கும் செல்லும் இடங்களை விதிவிலக்குகளாக எழுதிக் கொடுப்பது. இதற்குச் செலவாகும் நேரம் மிகக் குறைவு. அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலமே தரப்படுவதால், ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அந்த நெருக்கடியில், நான்கு மூலகங்களை ஏறுவரிசைப்படுத்தச் சொன்னால், அம்புக்குறியை மனத்தில் வைத்திருப்பவரே விரைவாக விடையை நெருங்குவார். ஆகவே அம்புக்குறியைப் பயனற்றது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் அம்புக்குறியை மட்டும் கொண்டு நுழைந்தவர் பொருந்தாத இடங்களிலும் அதையே நீட்டுவதைப் பல முறை கண்டிருக்கிறேன். மூன்றாம் ஆவர்த்தனத்தின் உருகுநிலைகளை அம்புக்குறியால் சொல்ல முயன்றால் ஒன்றுமே சரிவராது. சோடியம் 98 பாகையிலும், மகனீசியம் 650 பாகையிலும், சிலிக்கன் 1414 பாகையிலும் உருகுகின்றன. அடுத்திருக்கும் வெண்பொசுபரசோ 44 பாகையிலேயே உருகிவிடுகிறது. அயனாக்கற் சக்தி தனி அணுவின் இயல்பு. உருகுநிலை அணுக்கள் கூடி ஆக்கிய பதார்த்தத்தின் இயல்பு. உலோகப் பிணைப்பு, சிலிக்கனின் இராட்சதச் சாலகம் (அணுக்கள் எல்லாத் திசையிலும் தொடர்ந்து பிணைந்த ஒழுங்கமைப்பு), பொசுபரசின் நான்கு அணு மூலக்கூறு என்று கட்டமைப்பே மாறிச் செல்லும்போது ஒற்றை அம்பால் அதைக் காட்ட இயலாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்காமல் அம்பை மட்டும் கொடுப்பது, பாதையைச் சொல்லாமல் திசையை மட்டும் சொல்லி ஒருவரை அனுப்புவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது வழி, காரணத்திலிருந்து தொடங்குவது. கருவில் உள்ள புரோத்தன்களின் ஈர்ப்பு, உள் இலத்திரன்களின் திரையிடல், வெளி இலத்திரன் இருக்கும் தூரம் ஆகிய மூன்றையும் முதலில் விளக்கி, அவற்றைத் திரட்டிப் பயன்படு கருவேற்றம் என்ற எண்ணக்கருவாக்கி, அதிலிருந்து போக்குகள் அனைத்தையும் இறக்கிக் கொள்வது. படித்த ஆசிரியரை மிகவும் கவரும் வழி இது, என்னையும் கவர்ந்தது. அமெரிக்கப் பௌதிகவியலாளர் சிலேற்றர் 1930 ஆம் ஆண்டில் வகுத்த எளிய விதிகளின்படி கணித்தால், சோடியத்தின் வெளி இலத்திரன் உணரும் ஏற்றம் 2.20, மகனீசியத்துக்கு 2.85, அலுமினியத்துக்கு 3.50, என்றவாறு படிக்கு 0.65 வீதம் ஏறி ஆகனில் 6.75 ஆகிறது. ஒரு புரோத்தன் கூடும்போது ஏற்றம் ஒன்றால் கூடுகிறது. அதே ஓட்டில் (இலத்திரன் அடுக்கில்) சேரும் இலத்திரன் 0.35 ஐ மட்டுமே மறைக்கிறது, மிஞ்சுவது 0.65. ஆவர்த்தனத்தின் வழியே அணு ஏன் சுருங்குகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இருப்பதாக நான் அறியேன்.

இவ்வழி தன் முழு வலிமையையும் காட்டுவது சம இலத்திரன் அயன்களில். ஒட்சைட்டு, புளோரைட்டு, சோடியம், மகனீசியம், அலுமினியம் ஆகிய ஐந்து அயன்களிலும் இருப்பவை அதே 10 இலத்திரன்கள்தாம். கருவில் புரோத்தன்கள் மட்டும் 8, 9, 11, 12, 13 என்று ஏறுகின்றன. ஆரையோ 140, 133, 102, 72, 54 பிகோமீற்றர் என்று இறங்கி வருகிறது. இதை வகுப்பில் எழுதும்போது நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை. கடல்நீர் வற்றும்போது முதலில் கல்சியம் காபனேற்றும் அடுத்துக் கல்சியம் சல்பேற்றும் படிகின்றன, பின்னர் கறியுப்பு விளைகிறது, கடைசியில் மகனீசிய உப்புகள் மிகுந்த கசப்பு நீர் எஞ்சுகிறது. அந்தக் கசப்பு நீர் சரியாக வடியாத கல்லுப்பை மாரிகாலத்தில் போத்தலில் போட்டு வைத்தால், அது கசிந்து ஈரமாகி அடியில் நீர் தேங்கும். அந்தப் போத்தலைப் பார்த்திராத வீடு எமது கரையோரத்தில் இல்லை. 102 பிகோமீற்றர் ஆரையில் ஓர் ஏற்றத்தைத் தாங்கும் சோடியம் அயனைவிட, 72 பிகோமீற்றருக்குள் இரண்டு ஏற்றங்களை அடக்கி வைத்திருக்கும் மகனீசியம் அயன் நீர் மூலக்கூறுகளை மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. மகனீசியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை இழுத்து அதில் கரைகிறது. அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களின் வேறுபாடு குசினியில் ஒரு போத்தலில் தெரிகிறது என்று மாணவர் உணரும்போது, ஆரை என்ற சொல்லுக்கு அவர்களிடம் ஓர் எடை வந்துவிடுகிறது.

இத்தனை சிறப்புகள் இருந்தும் இவ்வழியை நான் முதல் வாசலாக வைப்பதில்லை. மகனீசியத்திலிருந்து அலுமினியத்துக்குச் செல்லும்போது சிலேற்றர் விதி ஏற்றம் கூடுவதாகவே சொல்கிறது. அளந்த அயனாக்கற் சக்தியோ மூலுக்கு 738 கிலோயூலிலிருந்து 578 ஆகக் குறைகிறது. ஓர் ஓட்டின் உட்பிரிவுகளான எஸ், பி உபசக்தி மட்டங்களை அவ்விதி ஒரே தொகுதியாக எண்ணுவதால் இந்த இறக்கத்தை அதனால் காட்ட முடியாது. நைதரசனிலிருந்து ஒட்சிசனுக்குச் செல்லும்போது நேரும் இறக்கமும் அப்படித்தான். சூத்திரத்திலிருந்து தொடங்கிய மாணவர், அது சொல்லாததை இயற்கையின் பிழையாகவோ தம் பிழையாகவோ எண்ணத் தொடங்குகிறார். அத்தோடு, பயன்படு கருவேற்றம் என்ற சொற்றொடரையே சிலர் எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறப்பாக ஆக்கிக்கொள்வதையும் விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன். சோடியத்துக்கும் பொற்றாசியத்துக்கும் சிலேற்றர் விதி தரும் பெறுமானம் ஒன்றே, 2.20, அப்படியிருக்கப் பொற்றாசியத்தின் அயனாக்கற் சக்தி 496 இலிருந்து 419 ஆகக் குறைவதற்கு வெளி இலத்திரனின் தூரமே காரணமாகிறது. ஆனால் விடைத்தாளில் அங்கும் பயன்படு கருவேற்றம் குறைவதால் என்று எழுதப்பட்டிருக்கும்.

மூன்றாவது வழி, அளந்த எண்களிலிருந்து தொடங்குவது. விளக்கம் எதையும் சொல்லாமல், ஐதரசன் முதல் கல்சியம் வரையான 20 மூலகங்களின் முதலாம் அயனாக்கற் சக்திகளைக் கொடுத்து, வரைபுத்தாளில் ஒவ்வொருவரையும் தம் கையால் குறிக்கச் செய்வது. நான் இப்போது தெரிவு செய்திருப்பது இவ்வழியையே. அதற்கான காரணம் ஒரு மாலையில் நடந்தது.

அன்று மின்சாரம் நின்றிருந்தது. சன்னலோரம் இருந்தவர்களுக்கு மட்டுமே போதிய வெளிச்சம். கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு மாணவி தன் தாளில் எட்டாவது புள்ளியை அழித்துக்கொண்டிருந்தாள். இலிதியம் 520, பெரிலியம் 900, போரன் 801, காபன் 1086, நைதரசன் 1402 வரை சரியாகக் குறித்திருந்தாள். ஒட்சிசனுக்கு 1314 இல் வைத்த புள்ளியை இறப்பரால் தேய்த்துவிட்டு, நைதரசனுக்கும் புளோரீனுக்கும் இடையில், ஏறத்தாழ 1540 இல், புதிதாக ஒன்றை வைத்து நேர்கோட்டால் இணைத்திருந்தாள். ஏன் என்று கேட்டபோது, “பிழையாப் போட்டுட்டன் போல சேர், கூடிக்கொண்டுதானே போகணும்” என்றாள். சாதாரண தரத்தில் அவள் கற்ற அம்பு, கண்முன் இருந்த அளவீட்டை அழிக்க வைத்திருந்தது. போரனின் இறக்கத்தை மட்டும் அவள் விட்டுவைத்தது ஏன் என்று கேட்டேன். அதற்கும் சந்தேகமாகத்தான் இருந்தது என்றும், அடுத்து அதையும் திருத்த எண்ணியிருந்ததாகவும் சொன்னாள். அந்தத் தாளை வாங்கி வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். அழித்த இடத்தில் தாள் மெல்லியதாகி, பழைய புள்ளியின் தடம் இன்னும் தெரிந்தது. இரண்டு புள்ளிகளில் எது உண்மை என்று வகுப்பு அரை மணித்தியாலம் வாதாடியது. பின்னர் மூன்றாம் ஆவர்த்தனத்தையும் குறித்து முடித்தபோது, அதே இரண்டு பள்ளங்கள் அலுமினியத்திலும் கந்தகத்திலும் மீண்டும் விழுந்தன. ஒரே இடத்தில் இரு முறை நேர்வது பிழையாக இருக்க முடியாது என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் காரணம் வந்தது. வந்தபோது அதற்கு இடம் தயாராக இருந்தது. போரனில் அகற்றப்படும் இலத்திரன் 2பி மட்டத்துக்குரியது. அது 2எஸ் மட்டத்தைவிடச் சக்தி கூடியதாகவும் உள்ளே இருப்பவற்றால் நன்கு மறைக்கப்பட்டதாகவும் இருப்பதால் எளிதில் வெளியேறுகிறது. நைதரசனில் மூன்று பி ஒபிற்றல்களிலும் (இலத்திரன்கள் இருக்கக்கூடிய இடப்பகுதிகளிலும்) ஒவ்வோர் இலத்திரன் தனித்திருக்க, ஒட்சிசனில் நான்காவது இலத்திரன் ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஒபிற்றலுக்குள் சோடியாக நுழைகிறது. அந்த இரண்டுக்கும் இடையிலான தள்ளுகை ஒன்றை வெளியேற்றுவதை இலகுவாக்குகிறது. கந்தகத்தில் அதே பள்ளம் மிகச் சிறிதாக, 1012 இலிருந்து 1000 வரை மட்டுமே இறங்குவது ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். 3பி ஒபிற்றல் பெரியது, அங்கே சோடியான இலத்திரன்கள் சற்று விலகியிருக்க இடமுண்டு என்ற விடையை அவர்களே எட்டினார்கள். அம்புக்குறி வழியில் இக்கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை, ஏனெனில் விதிவிலக்கு என்று பெயரிட்ட ஒன்றின் ஆழம் எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை.

எண்களோடு பழகுவதால் கிடைக்கும் இன்னொரு பயனையும் சொல்ல வேண்டும். சோடியம் தன் இலத்திரனை இழக்க விரும்புகிறது, குளோரீன் அதை ஏற்க விரும்புகிறது என்ற வாக்கியம் எமது மாணவரின் குறிப்பேடுகளில் வேரூன்றியிருக்கிறது. சோடியத்திலிருந்து இலத்திரனை அகற்ற மூலுக்கு 496 கிலோயூல் செலவிட வேண்டும். குளோரீன் அணு அதை ஏற்கும்போது வெளிவருவது 349 மட்டுமே. கணக்கில் 147 கிலோயூல் குறைகிறது. சோடியம், குளோரைட்டு அயன்கள் நெருங்கிச் சாலகமாகும்போது வெளிவரும் 787 கிலோயூலே அந்தக் குறையை ஈடு செய்கிறது. அயனாக்கற் சக்தி செலவு என்பதைக் கையால் குறித்துக் கற்றவர், சக்தியியலில், அயன் சேர்வை உருவாகும் படிகளின் சக்திகளைக் கூட்டிப் பார்க்கும் போண்–ஏபர் வட்டத்தைச் சந்திக்கும்போது திகைப்பதில்லை. சோடியத்தின் இரண்டாம் அயனாக்கற் சக்தி 4562 ஆகப் பாய்வதையும், மகனீசியத்தில் அந்தப் பாய்ச்சல் 1451 க்கும் 7733 க்கும் இடையில் நேர்வதையும் பார்த்தவருக்கு, கூட்ட இலக்கத்தை இனங்காணும் வினா தனியாகப் பயிற்சி தேவைப்படாத ஒன்றாகிவிடுகிறது.

இவ்வழியின் செலவை மறைப்பது நேர்மையாகாது. எனக்கு மூன்று முழு வகுப்புகள் தேவைப்படுகின்றன. வரைபு கீறுவதில் கை பழகாதவர்கள் பின்தங்குகின்றனர்; அச்சுக்கு அளவிடை தெரிவு செய்வதிலேயே ஒரு வகுப்பின் பாதி போய்விடுவதுண்டு. கீலியத்தின் 2372 ஐ உள்ளடக்க வேண்டியிருப்பதால் சிறிய தாளில் ஏனைய பள்ளங்கள் நசிந்துவிடுகின்றன. ஆகவே நிலைக்குத்து அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு 100 கிலோயூல் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இதனால் எல்லோருக்கும் ஒரே பரிந்துரையை நான் தருவதில்லை. பன்னிரண்டாம் தரத்தில் புதிதாகத் தொடங்கும் வகுப்புக்கு, மாணவர் தொகை நாற்பதுக்கு உட்பட்டிருந்தால், வரைபே முதல் வாசலாக இருக்க வேண்டும். கருவேற்றம் அதற்கு அடுத்த வாரம் வரட்டும். அம்புக்குறியை மாணவரே கடைசியில் தம் வரைபின் மேல் பென்சிலால் இடட்டும். நூறு பேருக்கு மேல் நெருங்கியிருக்கும் மண்டபத்தில் ஆசிரியர் ஒரே பெரிய வரைபைக் கரும்பலகையில் புள்ளி புள்ளியாகக் கட்டியெழுப்பி, ஒவ்வொரு புள்ளிக்கும் முன் அது மேலேயா கீழேயா என்று கேட்டுச் செல்வது போதும். இரண்டாம் முறை தோற்றவிருக்கும் பரீட்சார்த்திக்கு இரண்டு மாதமே எஞ்சியிருந்தால், அவர் கருவேற்ற விளக்கத்தைத் திருத்தமாகக் கற்று, பள்ளம் விழும் நான்கு சோடிகளை மட்டும், அதாவது பெரிலியம்–போரன், நைதரசன்–ஒட்சிசன், மகனீசியம்–அலுமினியம், பொசுபரசு–கந்தகம் ஆகியவற்றை மட்டும், எண்களோடு எழுதிப் பார்ப்பதே உகந்தது. தனியாகப் படிக்கும் மாணவருக்கும் நான் வரைபையே சொல்வேன், ஏனெனில் பக்கத்தில் திருத்துவதற்கு ஆளில்லாத இடத்தில் திருத்தக்கூடியது அளவீடு மட்டுமே.

தெரிவு சரியா என்று பார்க்க எமது மாவட்டமே ஒரு சோதனையைத் தருகிறது. புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கன், மொனசைற்று ஆகிய கனியங்கள் உள்ளன. இவற்றுள் சேர்க்கன் என்பது சேர்க்கோனியத்தின் சிலிக்கேற்று. 1789 இல் கிளாப்ரோத் என்ற செருமானிய வேதியியலாளர் சேர்க்கோனியத்தை இனங்கண்டது இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கன் கல்லிலேயே. அதே கல்லுக்குள் நூற்றுக்குச் சில பங்காக இன்னொரு மூலகமும் எப்போதும் கலந்திருக்கிறது. ஆனால் அதைக் காண மேலும் 134 ஆண்டுகள் சென்றன. ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் மோசிலி 1913 இல் எக்சு கதிர்களால் அணுவெண்ணை அளக்கும் வழியைக் காட்டிய பின்னரே 72 ஆம் இடம் வெறுமையாக இருப்பது உறுதியாயிற்று. 1923 இல் கோப்பன்கேகனில் கொஸ்ரரும் ஹெவசியும் சேர்க்கனுக்குள்ளேயே ஹஃப்னியத்தைக் கண்டார்கள்.

இது ஏன் இத்தனை காலம் ஒளிந்திருந்தது என்று மூன்று வழிகளிலும் கற்றவர்களிடம் கேட்டிருக்கிறேன். அம்புக்குறியைக் கற்றவர், கூட்டத்தில் கீழே சென்றால் ஆரை கூடும், ஆகவே ஹஃப்னியம் சேர்க்கோனியத்தைவிடப் பெரியது என்று எழுதி நிறுத்திவிடுவார். உலோக ஆரைகளோ சேர்க்கோனியத்துக்கு 160, ஹஃப்னியத்துக்கு 159 பிகோமீற்றர். இடையில் 14 லந்தனைட்டு மூலகங்கள் வருகின்றன. எஃப் இலத்திரன்கள் திரையிடுவதில் மிகப் பலவீனமானவை. கருவேற்றம் படிப்படியாக ஏற, அணு சுருங்கி, ஓர் ஓடு கூடியதால் வர வேண்டிய பெருக்கத்தை அச்சுருக்கம் முழுமையாகத் தின்றுவிடுகிறது. அளவு ஒன்றாகவே இருப்பதால் இரண்டின் இரசாயனமும் ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒரு கன சென்ரிமீற்றர் சேர்க்கோனியம் 6.5 கிராம், ஹஃப்னியம் 13.3 கிராம். கருவேற்ற வழியில் கற்றவர்கள் இந்த விளக்கத்தை நான் சொன்னவுடன் பிடித்துக்கொண்டார்கள். வரைபு கீறிக் கற்றவர்களிடம் ஆரைகளின் எண்களை மட்டும் கொடுத்தேன். கல்சியத்துக்கு அப்பால் கலியத்தையும் முன்பே குறித்திருந்ததால், அதன் அயனாக்கற் சக்தி அலுமினியத்தின் 578 ஐவிட ஒன்றே ஒன்று கூடி 579 ஆக நின்றது அவர்களுக்கு நினைவிருந்தது. அங்கே 10 டி இலத்திரன்கள் செய்ததை இங்கே எஃப் இலத்திரன்கள் செய்கின்றனவா என்று அவர்களே கேட்டார்கள்.

இந்த ஆண்டு வகுப்பில் அணு ஆரைக்கான வரைபு ஒரு தாளுக்குள் அடங்காமல், நான்கு வரைபுத்தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டி 72 வரை நீட்டியிருக்கிறோம். அது சுவரில் தொங்குகிறது. 40 ஆம் புள்ளியும் 72 ஆம் புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்பதைக் காட்ட, புல்மோட்டையிலிருந்து வரும் ஒரு மாணவன் இரண்டுக்கும் இடையே நூல் பிடித்து ஒட்டியிருக்கிறான்.